இருபதுக்குப் பதினொன்று

கொண்டலாம்பட்டி அங்கன்வாடியில்
நாற்காலிகள் முழங்கால் உயரம்தான்.
ஒன்றில் நான், எதிரில் செண்பகவல்லி,
முட்டியோடு முட்டி ஒட்ட உட்கார்ந்தோம்.
மகனின் கால்கள் அவள் இடுப்பைச் சுற்றி,
தலை என் மடியில்.
பாடப்புத்தகத்தில் இந்த இருப்புக்கு ஒரு பெயருண்டு.
வாசலில் நிற்பவர்களுக்கு
இரண்டு பெண்கள் தூளி கட்டியதுபோல் தெரிந்திருக்கும்.
தூளியில் கிடந்தவனுக்கு அப்படித் தெரியவில்லை.

அழட்டும். அழுதால்தான் வாய் திறக்கும்.
இதையும் புத்தகம் சொல்கிறது, கொஞ்சம் நாசூக்காக.

இனியவன். மூன்று வயது, இரண்டு மாதம்.
"ஐம்பத்தொன்று, ஆறு," என்கிறேன்.
ஹாஜிரா பென்சிலால் எழுதுகிறாள்.
"ஐம்பத்திரண்டு, ஆறு.
அறுபத்தொன்று, ஆறு.
அறுபத்திரண்டு, ஐந்து. இல்லை, ஆறு."
முன்பற்கள் நான்கும்
ஈறோடு ஈறாய்க் கரைந்த பழுப்புக் குச்சிகள்.

"பூச்சி அரிச்சிருச்சுங்களா?"
படிவத்தில் பூச்சிக்கு எண் இல்லை.

கருவியின் நுனியில் ஓர் உருண்டை,
கடுகில் பாதிகூட இராது.
குத்தக் கூடாது, வருடத்தான் வேண்டும்.
வருடினாலே சில இடங்களில் உள்ளே இறங்கிவிடுகிறது.

கடைவாய்க்கு வந்தோம்.
எச்சில் ஈரத்தில் எல்லாப் பல்லும் பளபளக்கும்,
ஈரம் நன்றாகப் பொய் சொல்லும்.
பஞ்சால் ஒற்றிவிட்டு ஐந்துவரை எண்ணவேண்டும்.
நான் ஐந்து எண்ணுவதற்குள்
பக்கத்துச் சந்து விசைத்தறி பத்து எண்ணிவிடும்.
அப்போது எழுந்து வரும் அது:
ஐம்பத்தைந்தாம் பல்லில், ஈறோரம்,
ஒரு வெள்ளைக் கோடு.
பால் வெள்ளையல்ல.
ஓமலூர் ரோட்டில் போகையில்
கரட்டை வெட்டிய இடத்தில் தெரியுமே
வெள்ளைக்கல், அந்தச் செத்த வெள்ளை.
குழி விழவில்லை இன்னும்.
இங்கிருந்து பல் திரும்பி வரலாம்.
"இரண்டு," என்றேன், ஏனோ மெதுவாக.

கேள்வி பதினேழு: இரவில் பாட்டில் பழக்கம் உண்டா?
"ராத்திரி ஷிப்டுங்க. நாலு தறி பாக்கணும்.
இவன் அழுதா நூல் அறுந்தது காதுல விழாதுங்க.
பால்ல ரெண்டு ஸ்பூன் சக்கரை போட்டு
பாட்டில வாயில வெச்சுட்டா
பாவு மூட்டைமேல அசையாமத் தூங்கிருவான்."
ஹாஜிரா 'ஆம்' மேல் வட்டமிட்டாள்.
ஓரத்தில் 'நாலு தறி' என்று எழுதினாள்,
என்னைப் பார்த்தாள்,
அழித்தாள்.

சொத்தை பதினொன்று.
எடுத்தது இல்லை. அடைத்தது இல்லை.
மொத்தம் பதினொன்று.

பள்ளிக்கு லீவு போட்டு வந்திருந்த அக்கா தாரகை
தாளை எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"இருபதுக்குப் பதினொண்ணு. பாஸா மேடம்?"
செண்பகவல்லியும் என் முகத்தைப் பார்த்தாள்,
பாதிச் சிரிப்போடு,
பாஸாகவும் இருக்கலாம் என்பதுபோல்.

பத்து நாள் கழித்து
பத்தில் ஒரு குழந்தையை மறுபடி பார்க்கவேண்டும்.
குழந்தையைச் சோதிக்க அல்ல,
அன்றைய என் கண்ணும் இன்றைய என் கண்ணும்
ஒத்துப்போகின்றனவா என்று கணக்கெடுக்க.
சீட்டுக் குலுக்கியதில் வந்தவன் இனியவன்.

இந்த முறை கடித்தான்.
கையுறையைக் கழற்றிப் பார்த்தேன்.
விரலின் ஒரு பக்கம் நான்கு பள்ளங்கள்,
வரிசையாக, குறையில்லாமல்.
உறிஞ்சும்போது நாக்கு மூடிக் காப்பாற்றிய கீழ்ப்பற்கள்.
மறுபக்கம் ஓரங்களில் இரண்டு புள்ளி,
நடுவே வெறும் தோல்.
முதல் படிவத்தை அருகில் வைத்துப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.

ஐம்பத்தைந்து மட்டும் ஒத்துவரவில்லை.
ஒற்றி, ஐந்து எண்ணி,
டார்ச்சைச் சாய்த்தும் பார்த்தேன்.
கோட்டைக் காணோம்.
"இப்பெல்லாம் பாட்டில்ல வெறும் தண்ணிதாங்க," என்றாள்
நான் கேட்காமலே.
பத்து நாளில் எந்தக் கோடும் திரும்பாது.
விளக்கின் கோணமாக இருக்கும்.
அன்றோ இன்றோ நான் தவறியிருக்கவேண்டும்.

ஹாஜிரா பென்சிலோடு காத்திருந்தாள்.
புதுப் பஞ்சு எடுத்தேன்.
ஒன்று,
இரண்டு,